ஹட்சன் கரைப் பாசறை – 7: இருட்டறையில் இருவர்

ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி ஆயுதக் கிடங்கில் ஜான் பிரவுன் பிடிபட்டதோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். அடிமைகளைத் திரட்டிக் கிளர்ச்சி செய்ய வந்த அவரை 1859 அக்டோபரில் மடக்கியது ராபர்ட் லீ தலைமையிலான படை. நான்கு ஆண்டுகளுக்கு முன்புவரை வெஸ்ட் பாயின்ட் ராணுவப் பள்ளியின் தலைவராக இருந்தவர்தான் இந்த லீ. டிசம்பர் 2-ல் பிரவுனைத் தூக்கிலிட்டார்கள். பள்ளியில் இருந்த தெற்கத்தி மாணவர்களின் ஆத்திரம் அதோடு அடங்கவில்லை. அதைக் கொட்டித் தீர்க்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. ஆளும் அதே விடுதியில்தான் இருந்தான்.

எமரி அப்டன். வயது 20. நியூயார்க் மாநிலத்தில், படேவியா ஊருக்குப் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பம். பெற்றோருக்கு அவன் பத்தாவது பிள்ளை. மெதடிஸ்ட் வீடு. மது கூடாது, அடிமை முறை கூடவே கூடாது என்று சொல்லி வளர்த்த வீடு. ராணுவப் பள்ளிக்கு வருமுன் அவன் படித்தது ஓஹியோவின் ஓபர்லின் கல்லூரியில். கறுப்பின மாணவர்களும் பெண்களும் வெள்ளை இளைஞர்களோடு சேர்ந்து படித்த கல்லூரி அது. அன்றைய அமெரிக்காவில் அப்படிப்பட்ட கல்லூரிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

1856-ல் வெஸ்ட் பாயின்ட்டில் சேர்ந்ததுமே, தான் அடிமை ஒழிப்பின் பக்கம் என்று அப்டன் பகிரங்கமாகச் சொல்லிவிட்டான். வடக்கத்தி மாணவர்களே வாய்விட்டுச் சொல்லத் தயங்கிய காலம். நாடு உடைந்துவிடக் கூடாதே என்பதுதான் அவர்களில் பலருடைய கவலை. அடிமைகளின் விடுதலை அவர்களுக்கு இரண்டாம் பட்சம். ஓஹியோவிலிருந்து வந்த ஜார்ஜ் கஸ்டரின் நெருங்கிய நண்பர்களே தெற்கத்திக்காரர்கள். அப்டன் அப்படியில்லை. உடன்பிறந்தவளுக்கு அவன் எழுதிய கடிதங்களில் கடவுளும் கடமையும் நாடும் ஒரே பேச்சாக வரும்.

தென் கரோலினாக்காரன் வேட் ஹாம்ப்டன் கிப்ஸ், அடிக்க வேண்டிய இடம் பார்த்து அடித்தான். ஓபர்லினில் கறுப்பினப் பெண்களோடு அப்டனுக்குத் தொடுப்பு இருந்தது என்று பேசினான். பண்ணை முதலாளிகளின் ஜாடையில் அடிமைக் குடிசைகளில் பிள்ளைகள் வளர்ந்துகொண்டிருந்த மண்ணிலிருந்து வந்தவன் சுமத்திய பழி இது! கொள்கையை ஏசியிருந்தால் அப்டன் பதிலுக்கு வாதாடியிருப்பான். இதுவோ வளர்த்த வீட்டின் ஒழுக்கத்தையே சந்திக்கு இழுத்த பேச்சு. நேரே போய் விளக்கம் கேட்டான். கிடைக்கவில்லை. அப்புறம் பேச்சுக்கு ஏது இடம்?

விடுதியின் முதல் பிரிவில் ஓர் அறை. இருட்டு. இருவரும் உள்ளே போனார்கள். வெளியே கூடமும் படிக்கட்டும் கொள்ளாத கூட்டம். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. மோதலின் சத்தம் மட்டும் கேட்கிறது. வாளெடுத்தார்கள் என்பார் உண்டு, வெறுங்கைச் சண்டைதான் என்பாரும் உண்டு. அப்டன் வெளியே வந்தபோது முகத்தில் வெட்டுக்காயம்.

கூட்டம் கலையவில்லை. கீழேயிருந்து தெற்கத்தி மாணவர்கள் வசைபாடினார்கள். அப்போது அப்டனின் அறைத்தோழன், பென்சில்வேனியாவின் ஜான் ராட்ஜர்ஸ், படிக்கட்டின் மேலே வந்து நின்றான். இன்னும் யாருக்காவது தேவையென்றால் மேலே ஏறி வரலாம் என்று அறைகூவினான். ஒருவரும் ஏறவில்லை. அன்று அங்கே மாணவராக இருந்த மாரிஸ் ஷாஃப், பல்லாண்டு கழித்து எழுதிய நினைவு நூலில் இதையெல்லாம் விவரித்திருக்கிறார்.

அடிமை ஒழிப்புக்காரர்கள் பிரசங்கம் மட்டுமே செய்வார்கள், கைகலப்பு என்றால் ஓடிவிடுவார்கள் என்பது தெற்கின் நினைப்பு. அந்த நினைப்பில் முதல் கீறல் விழுந்தது இந்தப் படிக்கட்டில்தான்.

1860 அக்டோபரில், அதிபர் தேர்தலை முன்னிட்டு, மாணவர்கள் தங்களுக்குள் ஒரு மாதிரி வாக்கெடுப்பு நடத்தினார்கள். அடிமை முறை பரவுவதை எதிர்த்த வேட்பாளர் லிங்கனுக்கு 64 வாக்கு. நம்மோடு உண்டு உறங்குகிறவர்களில் இத்தனை பேரா என்று தெற்கத்தி மாணவர்கள் கொதித்தார்கள். அந்த 64 பேர் யார் யார் என்று துப்புத் துலக்க ஆள் போட்டார்கள். நவம்பரில் நிஜத் தேர்தலில் லிங்கன் வென்றார். அதே மாதம் 19-ம் தேதி தென் கரோலினாவின் ஹென்றி ஃபார்லி பள்ளியைவிட்டு விலகினான். அவனுடைய மாநிலம் ஐக்கியத்திலிருந்து விலகியதே டிசம்பர் 20-ல்தான். பிள்ளை முந்திக்கொண்டான்! ஒருவர் பின் ஒருவராகப் பெட்டி கட்டினார்கள். அப்டன் பாடப் புத்தகங்களோடு இருந்தான். இறுதித் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது.

1861 ஏப்ரல் 12, அதிகாலை 4.30. சார்ல்ஸ்டன் துறைமுகம். கூட்டாட்சிப் படை தங்கியிருந்த சம்ட்டர் கோட்டையை நோக்கி, ஜான்சன் கோட்டைக் கரையிலிருந்து முதல் குண்டு சீறிக்கொண்டு போனது. அதைச் சுட்டது ஃபார்லி என்பார்கள். அதே படைப்பிரிவில் அன்று இன்னொரு இளம் லெப்டினன்ட்டும் பணியில் இருந்தான். அவனும் வெஸ்ட் பாயின்ட்டில் படித்தவன்தான். முந்தைய ஆண்டுதான் பட்டம் வாங்கியிருந்தான்.

பெயர், வேட் ஹாம்ப்டன் கிப்ஸ்.

முகத்தில் அவனிடம் காயம் வாங்கிய அப்டனுக்கோ, பட்டம் கைக்கு வர இன்னும் மூன்று வாரத்துக்கு மேல் இருந்தது. அதுவரை போர் காத்திருக்குமா?

(தொடரும்)