பனித்துளி மலரும் பரிசுச் சான்றும்

பனிக்காலத்தில் இங்கிலாந்தின் மரங்கள் இலையற்று நிற்கும். மண் உறைந்து கல்லாய்க் கிடக்கும். அத்தகைய தை, மாசி நாட்களில் உறைந்த நிலத்தைக் கீறிக்கொண்டு ஒரு சாண் உயரமும் இல்லாத ஒரு சிறு செடி தலைகாட்டுகின்றது. ஒடுங்கிய இலைகள் இரண்டு; அவற்றினிடையே ஒரு தண்டு; அதன் நுனியிலே தலைகவிழ்ந்து தொங்கும் ஒரேயொரு வெண்மலர். ஆங்கிலர் இதனை ஸ்நோட்ரொப் என்பர். பனித்துளி மலர் என நாம் அழைக்கலாம்.

இதன் பூவில் இதழ்கள் ஆறு. வெளியிதழ்கள் மூன்றும் நீண்டு தூய வெண்மையாய் இருக்கும். உள்ளிதழ்கள் மூன்றும் குறுகியவை; அவற்றின் நுனியிலே பச்சை நிறத்தில் ஒரு சிறு குறி உண்டு. சுவீடன் தேசத்துத் தாவரவியலறிஞர் லின்னேயஸ் 1753ஆம் ஆண்டில் இதற்குக் கலாந்தஸ் நிவாலிஸ் எனப் பெயரிட்டார். கலாந்தஸ் என்னும் கிரேக்கத் தொடர் பால்மலர் எனப் பொருள்படும். நிவாலிஸ் என்பது வெண்பனிக்கு உரியது என்னும் இலத்தீன் சொல்.

சாதாரண கண்ணுக்கு ஒரு பனித்துளி மலர் மற்றொன்றைப் போலவே தோன்றும். ஆயினும் அந்தச் சிறு பச்சைக் குறி சற்றே பெரிதாயினும், இரண்டாய்ப் பிரிந்தாலும், பச்சைக்குப் பதிலாக மஞ்சளாய் மாறினாலும், அதனைத் தேடி ஈரமண்ணில் முழந்தாளிட்டுப் பார்க்கும் ஒரு கூட்டம் அந்நாட்டில் நூற்றாண்டுக்கு மேலாக உண்டு. இவர்களுக்குக் கலாந்தோபைல் என்று பெயர். பனித்துளி மலரின் அன்பர் என்பது அதன் கருத்து. என்ஃபீல்டில் மிடில்டன் இல்லத்தில் வாழ்ந்த தோட்டக்கலை அறிஞர் ஈ. ஏ. போல்ஸ் (1865 – 1954) தம் நண்பரொருவருக்கு எழுதிய கடிதத்தில் இச்சொல்லை விளிப்பெயராக வழங்கினார் என்பர்.

இம்மலர் இங்கிலாந்தின் சுதேசச் செடியன்று என்பதே அறிஞர் பலரின் கருத்து. ஐரோப்பாக் கண்டத்திலிருந்து கொணரப்பட்டுத் தோட்டங்களில் வளர்ந்த பின்னரே அது காடுகளிற் பரவியது. காட்டில் தானாக வளர்ந்ததாக அது முதன்முதல் பதிவானது 1770களிலேதான். பின்னர் வந்த இனங்கள் வெவ்வேறு வழிகளில் வந்தன. 1853 முதல் 1856 வரை நிகழ்ந்த கிரிமியப் போரிலே, குண்டுகள் உழுத நிலத்தில் வெள்ளை மலர்கள் பூத்ததைக் கண்ட பிரித்தானியப் படைவீரர் சிலர், அவற்றின் குமிழ்களைத் தோண்டித் தம் வீடுகளுக்கு எடுத்துச் சென்றனர். கலாந்தஸ் பிளிக்காட்டஸ் என்னும் மடிப்பிலை இனம் அது. கிளரீனா பிரபு கொணர்ந்த குமிழ்கள் அயர்லாந்தின் ஸ்ட்ரஃபன் மாளிகைத் தோட்டத்தில் நடப்பட்டன. அங்கே தோன்றிய கலப்பினம் இன்றும் ஸ்ட்ரஃபன் என்னும் பெயருடன் வளர்கின்றது. 1874இல் ஹென்றி ஜோன் எல்வெஸ் என்னும் பிரயாணி, துருக்கியில் ஸ்மிர்னா நகரை அடுத்த மலைகளிற் பெருமலருடைய ஓர் இனத்தைக் கண்டார். மறு ஆண்டில் கியூ தாவரவியற் பூங்காவின் ஜோசப் ஹூக்கர் அதற்குக் கலாந்தஸ் எல்வெசியை எனப் பெயர் சூட்டினார்.

இவ்வாறு வந்த இனங்கள் ஒரே தோட்டத்தில் அயலயலாக நின்றபோது தேனீக்கள் கலப்பினங்களை உண்டாக்கின. அத்தொழிலை மனிதன் கைக்கொண்டதும் விரைவில் நிகழ்ந்தது. சொமர்செட் மாகாணத்து ஷெப்ரன் மலெற் என்னும் ஊரில் வாழ்ந்த ஜேம்ஸ் அலன் என்பவரே பனித்துளி மலர்களைத் திட்டமிட்டுக் கலந்து வளர்த்த முதல்வர் எனப் போற்றப்படுகின்றார். நூற்றுக்கு மேற்பட்ட புதுவகைகளை அவர் உண்டாக்கினார். 1891இல் றோயல் தோட்டக்கலைச் சங்கம் பனித்துளி மலருக்கெனவே ஒரு மாநாடு கூட்டியபோது, தம் அனுபவத்தை அங்கே எடுத்துரைத்தவரும் அவரே.

அலனின் கதை துயரில் முடிந்தது. சாம்பல் நிறப் பங்கசு நோயொன்று அவருடைய பாத்திகளிற் புகுந்தது. குமிழைக் குடைந்துண்ணும் ஈயின் புழுக்களும் சேர்ந்துகொண்டன. ஆண்டுக்கணக்கான உழைப்பின் பெரும்பகுதி மண்ணுள்ளே அழுகி மறைந்தது. நீண்ட மெல்லிய காம்பில் மலர் ஊசலாடும் மக்னெற் போன்ற சில வகைகளே எஞ்சின. ஏனையவற்றுட் பலவற்றின் பெயர் மட்டுமே ஏட்டில் உள்ளது. பெயரிருந்தும் செடி இல்லை.

இனி, பரிசுச் சான்று என்பது யாது என்பதை நோக்குவோம். மலர்க் காட்சிகளில் வழங்கப்படும் மதிப்புகள் ஒரே தன்மையன அல்ல. ஒருவகை, அன்றைய போட்டிக்குரியது. சட்டிகளில் வளர்த்த செடிகள் மேசையில் வரிசையாக வைக்கப்படும். நடுவர் சுற்றிவந்து முதலாம், இரண்டாம், மூன்றாம் இடங்களைக் குறிப்பர். 1929இல் தோன்றிய அல்பைன் தோட்டச் சங்கத்தின் காட்சிகளில், அனைத்துள்ளும் சிறந்த செடிக்குக் கிடைப்பது ஃபாரர் ஞாபகப் பதக்கம். அப்பதக்கம் நினைவூட்டும் றெஜினால்ட் ஃபாரர் இலங்கைக்கு வந்து இங்கே பௌத்தத்தைத் தழுவியவர். 1908இல் வெளிவந்த பழைய இலங்கை பற்றிய நூலின் ஆசிரியர். மலைச்செடிகளைத் தேடிச் சென்ற அவர், 1920இல் வட பர்மாவில் உயிர்நீத்தார்.

இரண்டாவது வகை, செடியின் வகைக்கே உரிய சான்று. றோயல் தோட்டக்கலைச் சங்கம் 1859இல் முதற்றரச் சான்றிதழையும் 1888இல் தகுதி விருதையும் ஏற்படுத்தியது. வளர்த்தவர் தம் செடியைக் குழுவின் முன் வைப்பார். பெயர் யாது, எங்கிருந்து வந்தது, முன்னுள்ள வகைகளினின்றும் எவ்வாறு வேறுபடுவது என்னும் வினாக்கள் எழும். மலரின் வடிவம், அளவு, குறியின் தெளிவு, தண்டின் உறுதி ஆகியன ஆராயப்பட்டபின் வாக்கெடுப்பு நிகழும். பனித்துளி மலருக்கு இது கடுஞ்சோதனை. குளிரிலே கூம்பி நிற்கும் இம்மலர், மண்டபத்தின் வெப்பம் பட்டவுடன் வெளியிதழ்களை விரித்துவிடும். வெப்பம் மிகுந்தால் விரைவில் வாடியும்போம்.

காட்சியில் ஒருநாள் பொலிவது வேறு, தோட்டத்தில் பல்லாண்டு வாழ்வது வேறு. இவ்வுண்மையை உணர்ந்தே அச்சங்கம் 1922இல் தோட்டத் தகுதி விருது என்னும் மூன்றாவது மதிப்பை நிறுவியது. 1992இல் அது திருத்தியமைக்கப்பட்டது. இதனைப் பெறும் செடி சாதாரண தோட்டத்தில் நன்கு வளரவேண்டும்; நோய்க்கும் பூச்சிக்கும் எளிதில் இரையாகலாகாது; வடிவிலும் நிறத்திலும் மாறாது நிற்கவேண்டும்; மக்கள் வாங்கக் கிடைக்கவும் வேண்டும். தகுதி குன்றினால் விருது மீளப்பெறப்படும். ஒருவர் மட்டும் பூட்டிவைத்திருக்கும் அருஞ்செடி எத்துணை அழகியதாயினும் இவ்விருதுக்கு உரியதாகாது.

இவ்விருதுகளின் பொருளை விளக்க எஸ். ஆர்னட் என்னும் மலரின் வரலாறு ஒன்றே போதும். சாமுவேல் ஆர்னட் ஸ்கொட்லாந்தில் டம்பிரீஸ் நகருக்கு அயலேயுள்ள மக்ஸ்வெல்ரவுனின் நகரத் தலைவராக விளங்கியவர், தோட்டக்கலை எழுத்தாளருமாவார். தம்மிடமிருந்த அழகிய பனித்துளி மலரொன்றை இங்கிலாந்தில் குளொஸ்ரர் மாகாணத்துச் சல்போட் என்னும் ஊரில் வாழ்ந்த வோல்ரர் பட் என்னும் நண்பருக்கு அனுப்பினார். அது அங்கே, ஹைட் லொட்ஜ் என்னும் இல்லத்தின் தோட்டத்தில், ஆரவாரமின்றிப் பெருகியது. பின்னாளில் அவ்வில்லத்திற்கு வந்த பிரிகேடியர் மதயஸும் அவர் துணைவியாரும், தேன்மணம் கமழும் பெருமலர்கள் நிலம் நிறையப் பூத்திருப்பதைக் கண்டனர். மலரின் பெருமையை உணர்ந்து பனித்துளி மலருக்கெனவே ஒரு கொம்பனியை நிறுவினர். 1951இல் அம்மலர் தகுதி விருது பெற்றது. பிற்காலத்தில் தோட்டத் தகுதி விருதும் அதற்குக் கிட்டியது. விருது கிட்டியபோது ஆர்னட் உயிரோடில்லை. அவர் பெயர் வாழ்ந்தது. அவர் கொடுத்த மலரும் வாழ்ந்தது.

பனித்துளி மலரை விதையிலிருந்து வளர்த்தால் பூப்பதற்கு மூன்று நான்கு ஆண்டுகள் செல்லும். அதுவும் தாயை ஒத்திருக்குமென்பது உறுதியன்று. குமிழ் தானே பக்கக்குமிழ் ஈன்று பெருகுவதும் மெதுவானது. வெங்காயம் போன்ற அக்குமிழைப் பல துண்டுகளாக அரிந்து, ஒவ்வொன்றிலும் இரண்டு செதில்களும் அடித்தட்டின் சிறுபகுதியும் இருக்குமாறு செய்து வளர்க்கும் முறை வந்தபின் பெருக்கம் சற்று விரைந்தது. ஆயினும் புதுவகை ஒன்று தோன்றும்போது, அதன் குமிழ்கள் சிலகாலம் விரல்விட்டு எண்ணத்தக்கனவாகவே உள்ளன.

அருமை விலையை ஏற்றியது. 2012இல் ஸ்கொட்லாந்துத் தோட்டமொன்றிற் கண்டெடுக்கப்பட்ட மஞ்சட் குறியுடைய வகையின் ஒரே குமிழ் 725 பவுணுக்கு ஏலம் போயிற்று. 2015இல் கோல்டன் ஃபிளீஸ் 1,390 பவுணும், 2022இல் கோல்டன் ரியர்ஸ் 1,850 பவுணும் பெற்றன. விலையேற்றத்தோடு களவும் வந்தது. காட்டு மலர்களுக்கும் கேடு சூழ்ந்தது. துருக்கி மலைகளிலிருந்து குமிழ்கள் இலட்சக்கணக்காகத் தோண்டி ஏற்றுமதி செய்யப்பட்டமையால், 1990இல் கலாந்தஸ் இனங்கள் யாவும் சர்வதேச வாணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் பட்டியலிற் சேர்க்கப்பட்டன.

அலனும் ஆர்னட்டும் ஒரே மலரை நேசித்தவர்கள். ஒருவர் நூறு வகைகளைப் படைத்தும் பெரும்பாலானவற்றை இழந்தார். மற்றவர் ஒன்றைப் பிறர்க்கு ஈந்தார்; அது நிலைத்தது. அலனிடம் குறையேதுமில்லை. ஒரே பாத்தியில் நின்ற செடிக்கு ஒரு நோயே கூற்றுவனாயிற்று என்பதே உண்மை. ஆகையாற்றான், அருஞ்செடி கிடைத்ததும் அதில் ஒரு குமிழை நம்பிக்கைக்குரிய மற்றொருவர் தோட்டத்துக்கு அனுப்பிவிடுவது அனுபவமுள்ள வளர்ப்பாளரின் வழக்கம். தம்முடையது பட்டுப்போனால் அங்கிருந்து திரும்பப் பெறலாம். நற்பேறு உடையவரை நம்மவர் கொடுத்துவைத்தவர் என்று சொல்வதுண்டு. பனித்துளி மலரைப் பொறுத்தவரை அது அணிமொழியன்று, கொடுத்தவர்களே வைத்திருக்கின்றனர்.