பிராந்திய சபையிலிருந்து மாகாண சபை வரை: இலங்கையில் அதிகாரப் பகிர்வுச் சட்டத்தின் வளர்ச்சியும் தேக்கமும்

இலங்கையின் மாகாண சபைகள் 1987ஆம் ஆண்டின் இந்திய–இலங்கை ஒப்பந்தத்தால் திடீரென முளைத்தவை என்ற எண்ணம் பரவலாக உண்டு. அவற்றின் வேர் அதற்கும் முப்பது ஆண்டு மூத்தது. சட்டம் கடந்துவந்த பாதையைப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. சபைகளின் அதிகாரம் குறைவு என்பதைவிட, அந்த அதிகாரத்தின் திறவுகோல் சபைக்கு வெளியே இருப்பதே அடிப்படைக் குறை.

முன்னோடி முயற்சிகள்

1957 ஜூலை 26இல் பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவும் தமிழரசுக் கட்சியின் சா.ஜே.வே. செல்வநாயகமும் செய்துகொண்ட ஒப்பந்தம் ‘பிராந்திய சபை’களை முன்மொழிந்தது. விவசாயம், காணி, குடியேற்றம், கல்வி, சுகாதாரம், மீன்பிடி முதலியவை அவற்றின் பொறுப்பாகும். மாகாண எல்லை தாண்டியும் சபைகள் இணையலாம். பிக்குகளின் எதிர்ப்புக்குப் பணிந்து 1958 ஏப்ரலில் பிரதமரே அதைக் கைவிட்டார். 1965இல் டட்லி சேனநாயக்க உடன்பட்ட மாவட்ட சபைகளும் சட்டமாகவில்லை. 1980ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் மாவட்ட அபிவிருத்திச் சபைகளை உருவாக்கியது. 1981 ஜூன் 4 தேர்தலுக்கு முந்திய நாட்களில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. போதிய நிதியும் அதிகாரமும் பெறாமலே அச்சபைகள் மங்கின.

பதின்மூன்றாம் திருத்தம்

1987 நவம்பர் 14இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தமும் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டமும் நடைமுறைக்கு வந்தன. ஒன்பது நீதியரசர்கள் கொண்ட உயர் நீதிமன்ற அமர்வு இத்திருத்தத்தைப் பற்றிப் பிளவுபட்டது. பிரதம நீதியரசர் சர்வானந்தா முதலானோர், சபைகள் பாராளுமன்றத்துக்குக் கீழ்ப்பட்டவையே என்பதால் ஒற்றையாட்சிக்குப் பங்கமில்லை என்றனர். சபைகள் பிறந்தபோதே அவற்றின் வரம்பை வரைந்த வாதம் அது.

ஒன்பதாம் அட்டவணையில் மாகாண நிரல், ஒதுக்கிய நிரல், ஒருங்கிய நிரல் என மூன்று நிரல்கள் உண்டு. எல்லா விடயங்களிலும் ‘தேசியக் கொள்கை’ வகுக்கும் அதிகாரம் ஒதுக்கிய நிரலில் இருப்பதால், மாகாணத்துக்குக் கொடுத்த விடயத்திலும் மத்திய அரசு தலையிட வழி உண்டு.

நிறைவேற்று அதிகாரம் ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநரிடம் இருக்கிறது. முதலமைச்சரும் மேலும் நால்வருக்கு மேற்படாத அமைச்சர்களும் அவருக்கு ஆலோசனை கூறுவர். ஆனால் ஒரு விடயம் ஆளுநரின் தற்றுணிபுக்கு உட்பட்டதா என்று கேள்வி எழுந்தால், ஆளுநரின் முடிவே இறுதியானது. வரி விதிக்கும் நியதிச்சட்டத்தைக்கூட அவருடைய சிபாரிசு இல்லாமல் சபையில் முன்வைக்க முடியாது.

நீதிமன்றமும் பாராளுமன்றமும்

சட்டம் சபையைக் காத்த தருணமும் உண்டு. மாகாண விடயங்களைத் தொட்ட திவிநெகும (‘வாழ்வின் எழுச்சி’) சட்டமூலத்தை மாகாண சபைகளுக்கு அனுப்பியே ஆகவேண்டும் என்று 2012இல் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. அப்போது வடக்கில் சபை இல்லை. சபைக்குப் பதிலாக ஆளுநர் தெரிவித்த இணக்கம் சபையின் இணக்கமாகாது என்று நீதிமன்றம் பின்னர் தீர்மானித்தது. அடுத்த ஆண்டு செப்டெம்பரில்தான் வட மாகாண சபைக்கு முதல் தேர்தல் நடந்தது.

பேரிடி 2017இல் வந்தது. மாகாண சபைத் தேர்தல்களில் பெண் வேட்பாளர்களின் பங்கை உறுதிசெய்யக் கொண்டுவந்த சட்டமூலத்தில், குழுநிலையில் முழுத் தேர்தல் முறையையும் மாற்றும் திருத்தங்கள் புகுத்தப்பட்டன. அவ்வாறு நிறைவேறிய 17ஆம் இலக்கச் சட்டம் கலப்பு முறையைக் கொண்டுவந்தது; தொகுதி எல்லைகளை வரையாமல் அம்முறையில் வாக்களிப்பு இயலாது. 2018 ஆகஸ்டில் எல்லை நிர்ணய அறிக்கை பாராளுமன்றத்துக்கு வந்தபோது ஒருவர்கூட ஆதரித்து வாக்களிக்கவில்லை. ஒவ்வொரு சபையாகப் பதவிக்காலம் முடிந்து, 2019இன் இறுதிக்குள் ஒன்பது மாகாணங்களும் ஆளுநர்களின் கைக்குச் சென்றன.

முடிவுரை

பதின்மூன்றாம் திருத்தத்தை எவரும் நீக்கவில்லை. ஒரு சாதாரணத் தேர்தல் சட்டமே சபைகளை வெறுமையாக்கப் போதுமாயிற்று. ஆகவே சீர்திருத்தம் நிரல்களை நீட்டுவதோடு நின்றுவிடக் கூடாது. பதவிக்காலம் முடிந்தபின் குறித்த காலத்துக்குள் தேர்தல் நடந்தாக வேண்டும் என்பதை அரசியலமைப்பிலேயே எழுத வேண்டும். புதிய எல்லைகள் வரையப்படும்வரை பழைய முறை தொடரும் என்ற காப்பு வேண்டும். ஆளுநரின் தற்றுணிபு நீதிமன்ற மீளாய்வுக்கு உட்பட வேண்டும். மக்கள் தெரிவுசெய்த உறுப்பினர் இல்லாத சபைக்கு எத்தனை அதிகாரம் எழுதிக் கொடுத்தாலும் அது ஆளுநரின் அலுவலகத்துக்கே போய்ச் சேரும்.