நிலவறைக் குளியலறையும் நீரடைப்பின் வரலாறும்

லண்டனில் கடிகாரத் தொழில் செய்துவந்த ஸ்காட்லாந்துக்காரரான அலெக்சாண்டர் கம்மிங், 1775-இல் தாம் காப்புரிமை பெற்ற நீர்க்கழிப்பறையின் அடியில் எஸ் வடிவில் வளைந்த குழாயைச் சேர்த்தார். அவ்வளைவில் எப்போதும் தேங்கிநின்று சாக்கடை வாயுவை வீட்டினுள் வரவிடாமல் தடுக்கும் நீரே நீரடைப்பு எனப்படும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாடிவீடுகளுக்குள் கழிவுக்குழாய்கள் பெருகியபோது இவ்வமைப்பின் குறை வெளிப்பட்டது: மேல்தளத்திலிருந்து நீர் விரைந்து இறங்குகையில் குழாயினுள் காற்றழுத்தம் குறைந்து, கீழ்த்தள வளைவிலிருந்த நீர் உறிஞ்சப்பட்டுவிடும். வடிகாலைக் கூரைக்கு மேலுள்ள வெளிக்காற்றோடு இணைக்கும் காற்றுக்குழாய் இதற்குத் தீர்வாக வந்தது. கண்ணுக்குத் தெரியாத இக்குழாயே குளியலறை வரலாற்றின் உண்மையான திருப்பம் எனலாம்.

அமெரிக்காவில் 1920-களில் தேசியத் தர நிர்ணய அலுவலகத்தில் ராய் ஹண்டர் நடத்திய சோதனைகள், அனுபவத்தால் மட்டும் அறியப்பட்டிருந்த குழாய் அளவுகளுக்குக் கணக்கீட்டு அடிப்படை தந்தன.

நிலவறையோ இவ்வறிவு அனைத்தையும் ஒருங்கே சோதித்த இடமாகும். அங்கே சிமென்ட் தளத்தை உடைத்து, ஓர் அடி நீளத்துக்குக் கால் அங்குலம் என்னும் வழக்கமான சரிவில் குழாயைப் பதிக்க வேண்டியிருந்தது. தெருச்சாக்கடை தளத்தைவிட உயரத்தில் இருந்தால், கழிவைத் தொட்டியில் சேர்த்து இயந்திரத்தால் மேலேற்றுவதன்றி வழியில்லை. மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடிய பழைய நகரங்களில், பெருமழையின்போது சாக்கடை பின்னோக்கிப் பெருகி முதலில் நிலவறையிலேயே பொங்கியதால், நீரை வெளியே மட்டும் செல்லவிடும் ஒருவழித் தடுப்பும் அங்கு இன்றியமையாததாயிற்று.