மாடுலர் சிந்தசைசர்

தனித்தனிப் பெட்டிகளில் அடங்கிய மின்சுற்றுகளைக் கம்பிகளால் ஒன்றோடொன்று பூட்டி, பூட்டும் விதத்துக்கேற்ப நாதத்தைப் பிறப்பிக்கும் மின்னணு வாத்தியம். ஆஸிலேட்டர் என்னும் பெட்டி ஒலியலையை உண்டாக்க, ஃபில்டர் அதன் மேற்சுரங்களை வடித்தெடுக்க, ஆம்பிளிபயர் அதன் அளவைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிறது. இவற்றை விரலால் குமிழைத் திருகி மட்டுமின்றி, இன்னொரு பெட்டியிலிருந்து வரும் மின்னழுத்தத்தைக் கொண்டும் ஆட்டிவைக்கலாம் என்பதே இவ்வாத்தியத்தின் மூல தத்துவம். ராபர்ட் மோக் வகுத்த முறைப்படி, அழுத்தம் ஒரு வோல்ட் ஏறினால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும். இன்றும் பெரும்பாலோர் கைக்கொள்வது இதுவே.

இதன் உற்பத்தியை யாருக்கு உரியதாக்குவது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. கனடாவின் ஹியூ லெ கெய்ன் 1945-48ஆம் ஆண்டுகளில் அமைத்த ‘மின்னணு சாக்பட்’ என்னும் வாத்தியத்திலேயே மின்னழுத்தக் கட்டுப்பாடு இருந்ததென்பர் சிலர். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஹரால்ட் போடே 1960ஆம் ஆண்டையொட்டி அமைத்த பெட்டி முறையையே முன்னோடியாகக் கொள்வர் வேறு சிலர். ஆயினும் முழு உருவில் இவ்வாத்தியம் தோன்றியது 1960களின் நடுப்பகுதியில், அமெரிக்காவின் இரு கரைகளிலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் எனலாம்.

நியூயார்க் மாகாணத்தின் ட்ரூமன்ஸ்பர்க் என்னும் சிற்றூரில் தெரமின் என்னும் மின்னணு வாத்தியங்கள் செய்து விற்றுக்கொண்டே கார்னெல் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் சார்ந்த பொறியியலில் ஆராய்ச்சி செய்துவந்த மோக் (1934-2005), 1963இல் ஹெர்பர்ட் டாய்ச் என்னும் இசையமைப்பாளரைச் சந்தித்தார். மறு ஆண்டு கோடையில் டாய்ச் ட்ரூமன்ஸ்பர்க்குக்கே வந்து தங்க, கேட்பவர் ஒருவரும் செய்பவர் ஒருவருமாக முதல் பெட்டிகள் உருவாயின. சுரம் ஒரே மட்டத்தில் நீண்டு ஒலிக்கிறதே, அது எழுந்து தணிய வேண்டாமா என்று டாய்ச் கேட்டபோது, மோக் அவரைக் கடைக்கு அனுப்பி வீட்டு வாசலில் வைக்கும் அழைப்புமணிப் பொத்தான் ஒன்றை வாங்கிவரச் செய்தார் என்றும், ஒரு கையால் கட்டையையும் மறு கையால் அப்பொத்தானையும் அழுத்தியே ஒலியின் எழுச்சியும் தணிவும் முதன்முதலில் சோதிக்கப்பட்டன என்றும் டாய்ச் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். என்வலப் என்னும் பெட்டியின் பூர்வாசிரமம் அந்த மணிப் பொத்தானே. 1964 அக்டோபரில் ஒலிப் பொறியியலாளர் மாநாட்டில் இவை காட்சிக்கு வந்தன. முதலில் வாங்கியோருள் நடன அமைப்பாளர் ஆல்வின் நிக்கோலாய் ஒருவர். டிரான்சிஸ்டர்களை ஏணிப்படிகள்போல் அடுக்கி மோக் அமைத்த ஃபில்டருக்கு 1969இல் காப்புரிமை கிடைத்தது. அதன் கனிந்த ஒலிக்கு நிகரில்லை என்பது அபிமானிகளின் துணிபு.

மேற்குக் கரையில் டான் புக்லா என்பவர், இசையமைப்பாளர்கள் மார்ட்டன் சுபாட்னிக், ரமோன் செண்டர் ஆகியோரின் வேண்டுகோளின்பேரிலும் ராக்பெல்லர் அறநிதி அளித்த 500 டாலரைக் கொண்டும், சான் பிரான்சிஸ்கோவின் நாடா இசைக்கூடத்துக்காக ஒரு யந்திரம் சமைத்தார். பியானோக் கட்டைகளை வைத்தால் பழைய சங்கீதமே மீண்டும் பிறக்கும் என்று கருதி அவற்றை விலக்கி, தொட்டால் உணரும் உலோகத் தகடுகளையே பதித்தார். கொள்கையளவில் இதுவே துணிவான வழி. சந்தையில் வென்றதோ கட்டைகள் வைத்த வழி.

அவ்வெற்றிக்குக் காரணம் 1968இல் வெளிவந்த இசைக்கலைஞர் வெண்டி கார்லோஸின் ‘ஸ்விட்ச்ட்-ஆன் பாக்’ இசைத்தட்டு. மோக்கின் யந்திரம் ஒரு சமயத்தில் ஒரு சுரமே இசைக்கவல்லது. ஆதலால் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் இசையில் ஒவ்வொரு இழையையும் தனித்தனியே நாடாவில் பதிந்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்ற வேண்டியிருந்தது. உஷ்ணம் மாறினாலே சுருதி நழுவிவிடும் இயல்புடைய அந்த யந்திரத்தை இடையிடையே நிறுத்திச் சுருதி சேர்த்துச் சேர்த்தே அப்பதிவு நிறைவேறியது. இத்தட்டு மூன்று கிராமி பரிசுகளைப் பெற்றது. அதன்பின் ஒலிப்பதிவுக் கூடங்களெல்லாம் மோக்கை நாடின.

இந்தியாவுக்கும் இச்சரித்திரத்தில் ஓர் இடம் உண்டு. அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜுக்கு 1940களில் பாரத சங்கீதம் கற்பித்த கீதா சாராபாயின் தொடர்பால், 1969இல் கேஜின் சகாவான டேவிட் டியூடர் ஆமதாபாத்தின் தேசிய வடிவமைப்புக் கழகத்தில் ஒரு மோக்கை நிறுவினார். கீதா சாராபாய், அதுல் தேசாய், ஐ. எஸ். மாதூர், எஸ். சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அதில் இசைத்துப் பதிந்த நாடாக்கள் கழகத்தின் ஆவணக் காப்பகத்தில் நெடுங்காலம் கிடந்து, இசைக்கலைஞர் பால் பர்காஸின் முயற்சியால் 2023இல் இசைத்தட்டாக வெளிவந்தன.

1970இல் தோன்றிய மினிமோக், கம்பிகளை அகற்றிச் சுற்றுகளை உள்ளேயே இணைத்து, மேடைக்குத் தூக்கிச் செல்லத்தக்கதாக வந்தது. அதன் செழித்த நாதம், ஃபில்டருக்குள் செல்லும் ஒலியின் அளவைக் கணக்கிடுகையில் நேர்ந்த பிழையால் கிட்டியது என்று கூறப்படுகிறது. பிழையாயினும் பெரும் பேறு. 1983இல் யமஹா டிஎக்ஸ்7 என்னும் எண்முறை வாத்தியம் வந்தபின் பழைய யந்திரங்கள் மலிந்த விலைக்குக் கைமாறின.

1990களின் நடுவில் ஜெர்மனியின் டீட்டர் டோப்ஃபர் ஏ-100 வரிசையை வெளியிட்டார். அதன் அளவுகளையும் 3.5 மில்லிமீட்டர் இணைப்பு முனைகளையும் பிற நிறுவனங்களும் ஏற்றுக்கொண்டமையால், யூரோராக் என வழங்கும் இம்முறையில் பல ஊர்ச் சிறு பட்டறைகளின் பெட்டிகளை ஒரே சட்டத்தில் சேர்த்து இசைக்க முடிகிறது. பழைய யந்திரங்களைப் போற்றுவோரோ, வாசிக்குமுன் மின்விசையைத் தட்டி யந்திரம் சூடேறிச் சுருதி நிலைக்கும்வரை காத்திருப்பர். வற்றிய கெப்பாசிட்டர்களை மாற்றுவர். கரகரக்கும் குமிழ்களைத் துடைப்பர். இந்த யந்திரத்துக்கு ஞாபகசக்தி கிடையாது. கம்பிகளைப் பிடுங்கியதும் அன்றைய ஒலி போய்விடும். எனவே எந்த முனையிலிருந்து எந்த முனைக்குக் கம்பி சென்றது, எந்தக் குமிழ் எங்கே நின்றது என்பதைத் தாளில் குறித்து வைப்பாரும் உளர். அவ்வாறு குறித்தும் மறுநாள் அதே ஒலி வருவது அரிது. அதனாலேயே குறிக்காது விடுவாரும் உளர்.

2015இல் மோக் நிறுவனம் தன் பழைய பெரு யந்திரங்களை மீண்டும் சிறு எண்ணிக்கையில் செய்து வெளியிட்டது. 2023இல் அந்நிறுவனம் இன்மியூசிக் என்னும் குழுமத்தின் கைக்குச் சென்றது.