தாயைத் தின்னும் பிள்ளை: தேளின் தாய்மை குறித்த நம்பிக்கையும் நோக்கறிவும்

ஆய்வுச்சுருக்கம்

தேள்குட்டிகள் தாயைத் தின்றே பிறக்கின்றன என்னும் நம்பிக்கை தமிழக ஊர்ப்புறங்களில் இன்றும் வழங்குகிறது. இந்நம்பிக்கைக்கு இணையான கருத்துகள் தமிழ், வடமொழி, கிரேக்க, இலத்தீன் நூல்களில் காணப்படுகின்றன. அவற்றை ஒப்பிட்டு, தேளின் தாய்மை குறித்த அறிவியல் நோக்கு வளர்ந்த வரலாற்றோடு வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. இந்நம்பிக்கை வெறும் கற்பனையன்று, மெய்யான காட்சி ஒன்றைப் பிழையாகப் பொருள்கொண்டதன் விளைவு என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: தேள், நட்டுவாக்காலி, செஞ்சி, ஐங்குறுநூறு, நல்வழி, தாய்மை

முன்னுரை

செஞ்சியின் வரலாறு பெரும்பாலும் படையெடுப்புகளின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. 1677இல் சிவாஜி கோட்டையைக் கைப்பற்றியது, 1698இல் முடிவுற்ற முகலாயரின் நெடிய முற்றுகை, 1714இல் தேசிங்குராசன் வீழ்ந்தது, 1750இல் பிரெஞ்சுக்காரரும் 1761இல் ஆங்கிலேயரும் கோட்டையைப் பிடித்தது ஆகியவை அவ்வரலாற்றின் நிலைக்கற்கள். சி. எஸ். சீனிவாசாச்சாரியின் செஞ்சி வரலாற்று நூலும் (1943) அரசர்களையே மையமாகக் கொண்டது. 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்த மராட்டிய இராணுவ நிலப்பரப்புகளுள் செஞ்சியும் ஒன்று. ஆனால் இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளும் கோட்டை மட்டுமல்ல. உருண்டைப் பாறைகளும் கல்லிடுக்குகளும் முட்புதர்களும் நிறைந்த இத்தகைய நிலம் தேளினத்திற்கு ஏற்ற வாழிடமாகும். இவ்வகை நிலத்தில் வாழும் மக்கள் தேளைப் பற்றிக் கொண்டுள்ள அறிவும் நம்பிக்கையும் வரலாற்றாய்வுக்கு உரியவை.

தமிழ் நூல்களில் தாயழிவுக் கருத்து

தமிழ் இலக்கியத்தில் தாயின் சாவோடு பிறப்பதாகச் சொல்லப்படும் உயிர் தேளன்று, நண்டு. ஐங்குறுநூற்றின் மருதத் திணையில் ஓரம்போகியார் பாடிய களவன் பத்தில், 24ஆம் பாடல் தலைவனின் ஊரை இருவகை உயிர்களால் சுட்டுகிறது. ஒன்று தாய் சாகப் பிறக்கும் நண்டு. மற்றொன்று தன் பிள்ளையைத் தின்னும் முதலை. தலைவனின் அன்பின்மையைப் புலப்படுத்த இவ்வுயிர்கள் பயன்படுகின்றன. முதலையின் இளமையைப் ‘பிள்ளை’ என்று அப்பாடல் குறிப்பதும் நோக்கத்தக்கது. பறவைகளுக்குரிய பார்ப்பு, பிள்ளை என்னும் இளமைப் பெயர்கள் தவழும் உயிர்களுக்கும் உரியவை என்று தொல்காப்பிய மரபியல் வகுத்துள்ளது.

ஔவையாரின் நல்வழி 36ஆம் பாடல் நண்டு, சிப்பி, மூங்கில், வாழை ஆகிய நான்கையும் ஒரு வரிசையில் வைக்கிறது. இவை அழியுங்காலத்தில் கருவுயிர்க்கும் என்பது அதன் கருத்து. இவற்றுள் வாழை ஒருமுறை குலை தள்ளியபின் மடிவதும், மூங்கில் பூத்தபின் மடிவதும் உண்மை. பயிர்களில் கண்ட இவ்வுண்மை ஒப்புமையால் நண்டுக்கும் நீட்டிக்கப்பட்டது எனலாம். அர்த்தசாஸ்திரம் (1.17) பாரத்துவாசரின் கருத்தாக, இளவரசர்கள் நண்டைப் போல் தம்மைப் பெற்றவரையே தின்பவர்கள் என்கிறது. ஒரே உயிரியற் கருத்து அகப்பாடலில் ஊடலுக்கும், நீதிநூலில் அறவுரைக்கும், அரசியல் நூலில் அரசனின் அச்சத்திற்கும் பயன்பட்டுள்ளது.

மேலை நூல்களில் தேள்

நண்டுக்குக் கூறப்பட்ட இக்கருத்து கிரேக்கத்தில் தேளுக்குக் கூறப்பட்டது. தேள் முட்டை வடிவிலான புழுக்களை ஈன்று அடைகாக்கும் என்றும், வளர்ந்த குஞ்சுகள் தாயைக் கொன்றுவிடும் என்றும், அவை பெரும்பாலும் 11 இருக்கும் என்றும் அரிஸ்டாட்டில் தம் விலங்கு வரலாற்றின் ஐந்தாம் நூலில் எழுதினார். கி.பி. 79இல் மறைந்த பிளினி தரும் செய்தி இதற்கு மாறானது. தாயே குஞ்சுகளைக் கொல்லும். ஒன்று மட்டும் தாயின் பின்புறத்தில் ஏறித் தப்பும். பின்னர் அது பெற்றோரைக் கொன்று உடன்பிறப்புகளுக்காகப் பழிதீர்க்கும் என்கிறார் அவர்.

பிளினியின் கூற்றில் வரும் ஒரு குறிப்பு இவ்வாய்வுக்கு முதன்மையானது. குஞ்சு தாயின் உடல்மீது ஏறியிருக்கும் என்பது மெய்யான நோக்கு. அந்நோக்கைச் சுற்றிக் கொலையும் பழியும் புனையப்பட்டுள்ளன.

நோக்கறிவின் வளர்ச்சி

தேள் குறித்த அறிவியல் முதலில் பெயரிடலாகவே வளர்ந்தது. இந்தியச் செந்தேளுக்கு 1798இல் ஃபப்ரீசியஸ் இட்ட சிற்றினப் பெயர் ‘தமுலஸ்’. தமிழரின் பெயர் இவ்வாறு ஒரு கொடிய நஞ்சுயிரியின் அறிவியற் பெயரில் நிலைத்தது. 1900இல் வெளிவந்த போகாக்கின் இந்திய விலங்கினத் தொகுதி பல தேளினங்களை வகைப்படுத்தியது. பாதுகாக்கப்பட்ட உடல்களைக் கொண்டு இனத்தை அறியலாம். தாய்மையை அறிய இயலாது.

தேளைக் கூண்டில் வளர்த்து நோக்கியவர்களுள் பிரான்சின் ழான் ஆன்றி ஃபாப்ர் குறிப்பிடத்தக்கவர். குட்டிகள் தாயின் முதுகில் ஏறி அமர்வதையும், ஏறத்தாழ ஒரு வாரத்தில் தோலுரிப்பதையும், பின்னரே பிரிந்து செல்வதையும் அவர் விரிவாகப் பதிவுசெய்தார். கருவளர்ச்சி ஆய்வுகள் மற்றொரு பக்கத்தைத் திறந்தன. நட்டுவாக்காலி போன்ற பெருந்தேள்களின் குடும்பத்தில் ஒவ்வொரு கருவும் தனித்தனி அறையில் வளர்ந்து, முலைக்காம்பு போன்ற உறுப்பின்வழி வாயால் ஊட்டம் பெறுகிறது. 1891இல் மால்கம் லாரி ஒரு பெருந்தேளினத்தின் கருவளர்ச்சியை ஆராய்ந்தார். 1956இல் திருவிதாங்கூரில் ஏ. பி. மாத்யூ மற்றோர் இனத்தின் கருவியலை விரிவாக வெளியிட்டார். குட்டி தாயின் உடலிலிருந்து உண்கிறது என்பது இப்பொருளில் மட்டுமே மெய்; அதனால் தாய் சாவதில்லை.

1994இல் டி. சிவசங்கர் ‘ஜர்னல் ஆஃப் பயோசயின்சஸ்’ இதழில் வெளியிட்ட கட்டுரை இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். தென்னிந்தியாவில் வாழும் ‘ஹெட்டெரோமெட்ரஸ் ஃபுல்விப்பஸ்’ என்னும் இனத்தில் தாயும் குட்டிகளும் வளையில் குடும்பமாக வாழ்வதை அது மேம்பட்ட துணைச்சமூக நடத்தை என வரையறுத்தது. செல்லப்பிராணியாக உலகெங்கும் வளர்க்கப்படும் ஆப்பிரிக்கப் பேரரசத் தேளிலும் இத்தகைய கூட்டுவாழ்வு அறியப்பட்டுள்ளது. வணிகத்திற்காக மிகுதியாகப் பிடிக்கப்பட்டதால் அவ்வினத்தின் பன்னாட்டு வாணிகம் 1995 முதல் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. வளர்ப்பிடத்தில் அடிக்கடி தொந்தரவுக்குள்ளாகும் தாய்த்தேள் தன் குட்டிகளையே தின்பதும் உண்டு. நடப்பது நம்பிக்கைக்கு நேர்மாறானது.

நம்பிக்கையின் தோற்றம்

குட்டிகள் வெண்ணிறமாய்த் தாயின் முதுகு முழுவதும் மொய்த்திருக்கும். கருவுற்றபோது பருத்திருந்த தாயின் வயிறு ஈன்றபின் ஒடுங்கிவிடும். குட்டிகள் உரித்த வெண்தோல்கள் தாயின் முதுகில் ஒட்டிக் கிடக்கும். தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு இக்காட்சி குட்டிகள் தாயை அரித்துத் தின்பதாகவே தோன்றும். வயல்நண்டும் பொரித்த குஞ்சுகளைத் தன் வயிற்று மடிப்பில் சுமப்பது இங்கு ஒப்பிடத்தக்கது. தமிழில் நண்டுக்கும் கிரேக்கத்தில் தேளுக்கும் ஒரே கதை எழுந்ததற்கு, இரண்டும் குஞ்சுகளைத் தம் உடல்மீது சுமப்பவை என்பதே காரணமாதல் வேண்டும்.

முடிவுரை

தாய் சுமக்கும் காட்சியைத் தாய் சாகும் காட்சியாக மாற்றியது கண்ணன்று, கருத்து. தாய்மை என்பது தன்னை அழித்துக்கொள்வதில் நிறைவுறும் என்ற முன்முடிவு அக்கருத்தின் அடியில் உள்ளது. அதே வேளை, தேள் ‘குட்டி போடும்’ என்னும் ஊர்வழக்கு அது முட்டையிடாத உயிர் என்ற உண்மையைப் பிழையின்றிக் காத்துள்ளது. எனவே நாட்டார் அறிவை முழுதும் ஏற்பதோ முழுதும் ஒதுக்குவதோ முறையன்று. செஞ்சி போன்ற குன்றுப் பகுதிகளில் களத்தரவு திரட்டுவோர், தகவலாளி கண்டது எது, கேட்டது எது என்று பிரித்துப் பதிவுசெய்தல் வேண்டும். பழம்பாடல்களில் வரும் உயிரினச் செய்திகளை ஆராய்வோருக்கும் இப்பகுப்பு இன்றியமையாதது.