சேரன்மகாதேவிப் பந்தியும் எட்டயபுரத்து மதிய உணவும்: பள்ளி உணவில் ‘முறைகேடு’ என்னும் கருத்தின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

பள்ளி உணவு பற்றிய பொது விவாதங்களில் ‘முறைகேடு’ என்னும் சொல் இன்று பெரும்பாலும் பொருள் களவையும் நிதிக் கசிவையும் குறிக்கிறது. திருநெல்வேலிப் பகுதியில் பள்ளி உணவு குறித்து எழுந்த முதற் பெரும் விவாதமான சேரன்மகாதேவி குருகுலப் பூசலில் (1924–1925) இச்சொல்லுக்குரிய பொருள் வேறாக இருந்தது. பொதுப்பணத்தில் நடக்கும் பந்தியைப் பிறப்பால் பிரிப்பதே அன்று முறைகேடாகக் கருதப்பட்டது. அப்பொருள் பின்வந்த மதிய உணவுத் திட்டங்களின் விவாதத்தில் பின்னுக்குச் சென்றதையும், 2023இல் எட்டயபுரம் வட்டாரத்தில் மீண்டும் வெளிப்பட்டதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மதிய உணவு, சேரன்மகாதேவி குருகுலம், பந்தி, பொதுநிதி, எட்டயபுரம், காமராசர், வ.வே.சு. ஐயர்.

முன்னுரை

தாமிரபரணிக் கரையில் உள்ள சேரன்மகாதேவி, பள்ளி உணவு தொடர்பான இரண்டு நினைவுகளைக் கொண்ட ஊர். ஒன்று, 1920களில் அங்கு இயங்கிய தமிழ்க் குருகுலத்தில் மாணவர் உணவருந்திய முறை குறித்து எழுந்த பூசல். மற்றொன்று, முதலமைச்சர் காமராசர் தம் பயணத்தின்போது ரயில்வே கேட் ஒன்றில் நின்று, ஆடு மாடு மேய்க்கும் சிறுவனிடம் பள்ளிக்குச் செல்லாத காரணத்தைக் கேட்டதாகவும், பள்ளியில் சோறு கிடைக்குமா என்று அவன் திருப்பிக் கேட்டதாகவும் வழங்கும் வாய்மொழிச் செய்தி. இச்செய்தியின் பல வடிவங்களில் அந்த ரயில்வே கேட் சேரன்மகாதேவி அருகில் அமைந்ததாகவே சொல்லப்படுகிறது.

முதல் நினைவு அரசியல் வரலாற்றிலும், இரண்டாவது நலத்திட்ட வரலாற்றிலும் தனித்தனியே பயிலப்படுகின்றன. குருகுலப் பூசல் பிராமணர் - பிராமணரல்லாதார் அரசியலின் ஒரு கட்டமாகவும், மதிய உணவு கல்விப் பரவலின் ஒரு கருவியாகவும் விளக்கப்படுவது மரபு. இரண்டையும் ஒருசேர நோக்கும்போது, பிறர் பணத்தில் பிள்ளைகளுக்குச் சோறு இடும்போது எது தவறு என்ற வினாவுக்குத் தமிழ்ச் சமூகம் காலந்தோறும் வெவ்வேறு விடைகளைத் தந்துள்ளமை புலப்படும்.

பொருநைக் கரையின் உணவு மரபு

தாமிரபரணிப் பள்ளத்தாக்கு நெல்வளம் மிக்கது. ஆற்றுப்பாசனம் பெற்ற ஊர்கள் பலவற்றில் பிரமதேயக் குடியிருப்புகளும் கோயில் நிலங்களும் நெடுங்காலம் நிலைபெற்றிருந்தன. சேரன்மகாதேவியே சோழர் காலத்தில் சதுர்வேதிமங்கலமாக விளங்கிய ஊர். இத்தகைய ஊர்களில் அறக்கட்டளை உணவு புதியதன்று. கோயில், மடம், சத்திரம், வேதபாடசாலை ஆகியவற்றின் வழியே உணவு அளிக்கப்பட்டு வந்தது. ஆனால் யார், எங்கு, யாருடன் அமர்ந்து உண்பது என்பதைக் கொடையாளரின் விருப்பமும் சாதி வழக்கமும் வரையறுத்தன. கொடுத்தவர் எந்தப் பிரிவினர்க்கென்று கொடுத்தாரோ அப்பிரிவினர்க்கே உணவைச் சேர்ப்பதே அம்மரபில் முறை எனப்பட்டது. வேறு பிரிவினர்க்கு அது சென்றால் அதுவே முறைகேடு.

இம்மரபின் இடையில்தான் பொதுமக்களின் நன்கொடையால் நடக்கும் தேசியக் கல்விக்கூடம் ஒன்று தோன்றியது.

குருகுலமும் பொதுப்பணமும்

வ.வே.சு. ஐயர் 1922இல் சிறையிலிருந்து விடுதலை பெற்றபின் கல்லிடைக்குறிச்சியில் தமிழ்க் குருகுலத்தைத் தொடங்கினார். பின்னர் அது சேரன்மகாதேவிக்கு மாற்றப்பட்டது. ஆங்கிலக் கல்விமுறைக்கு மாற்றாகத் தாய்மொழிக் கல்வி, கைத்தொழில், உடற்பயிற்சி ஆகியவற்றை இணைப்பது அதன் நோக்கம். தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி பத்தாயிரம் ரூபாய் தர முடிவுசெய்து, முதல் தவணையாக 5,000 ரூபாய் வழங்கியது. பிராமணரல்லாத செல்வர் பலரும் நன்கொடை அளித்திருந்தனர்.

குருகுலத்தில் மாணவர் பொதுவாக ஒருங்கே உண்டனர். பிராமணச் சிறுவர் இருவர் மட்டும் பெற்றோரின் வேண்டுகோளுக்கிணங்கத் தனியே உண்ண இசைவு பெற்றிருந்தனர். இச்செய்தி வெளிப்பட்டபோது ‘தமிழ்நாடு’ இதழின் ஆசிரியர் பெ. வரதராசுலு நாயுடு இதனைப் பொது விவாதம் ஆக்கினார். ஈ.வெ. இராமசாமி எஞ்சிய தொகையை வழங்க மறுப்புத் தெரிவித்தார்.

விவாதத்தின் உள்ளீட்டைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். குருகுலத்தில் பணம் களவாடப்பட்டது என்பது எதிர்ப்பின் சாரம் அன்று. மாணவர் பட்டினி கிடந்தனர் என்பதும் அன்று. எல்லார்க்கும் உணவு கிடைத்தது. நாட்டு மக்கள் அனைவரும் தந்த பணத்தில் நடக்கும் பந்தி, அம்மக்களுள் ஒரு பகுதியினரைத் தாழ்ந்தோராகக் காட்டுகிறது என்பதே குற்றச்சாட்டு. அறக்கட்டளை மரபில் கொடையாளரின் விருப்பம் பந்தியை நிர்ணயித்தது. குருகுல விவாதம் அந்த விதியை மறுக்கவில்லை. கொடையாளர் யார் என்பதை மட்டுமே மாற்றிக் கூறியது. கொடையாளர் பொதுமக்கள் எனில், பந்தியும் பொதுவாதல் வேண்டும் என்பது அதன் தருக்கம்.

ஐயர் தரப்பின் வாதமும் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. ஐயர் தம்மளவில் சாதி வேறுபாடு பாராட்டாதவர் என்பதை அவருடைய எதிர்ப்பாளர்களுள் சிலரும் ஏற்றனர். பெற்றோர்க்குத் தந்த வாக்கை மீறலாகாது என்பதும், இரு சிறுவர்க்கு அளித்த விலக்கைக் கொண்டு நிறுவனம் முழுவதையும் பழிப்பது தகாது என்பதும் அத்தரப்பின் நிலை. 1925 மார்ச்சில் சென்னை வந்த காந்தியடிகளிடம் இவ்வழக்கு சென்றது. இருக்கும் இருவர்க்கு விலக்கு தொடரலாம்; இனிமேல் உடனுண்ண இசையாதவரைச் சேர்க்கலாகாது என்னும் வகையில் அவர் இணக்கம் கூறினார். எதிர்த்தரப்பு அதனை ஏற்கவில்லை. இருவர் என்னும் எண்ணிக்கை சிறியதாயினும், விலக்கின் அடிப்படை பிறப்பு என்பதே அவர்களுடைய மறுமொழி.

1925 ஏப்ரல்: இரு முடிவுகள்

1925 ஏப்ரல் இறுதியில் திருச்சியில் கூடிய தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியில், தேசிய இயக்கத்தில் பங்கேற்கும் நிறுவனங்கள் பிறப்பின் அடிப்படையில் உயர்வு தாழ்வு பாராட்டலாகாது என்னும் தீர்மானத்தை எஸ். இராமநாதன் கொண்டுவந்தார். அது 19க்கு 7 என்ற வாக்கு வேறுபாட்டில் நிறைவேறியது. இராஜகோபாலாச்சாரியார், டி.எஸ்.எஸ். இராஜன் முதலியோர் செயற்குழுவிலிருந்து விலகினர். குருகுலப் பொறுப்பிலிருந்து விலகிய ஐயர், ஜூன் தொடக்கத்தில் பாபநாசம் கல்யாண தீர்த்தத்தில் தவறி விழுந்த மகளைக் காக்க முயன்று உயிர் நீத்தார். பூசலின் முடிவு ஒரு துயரமாகவும் நினைவில் நின்றது.

அதே ஏப்ரலில் சென்னையில் வேறொரு முடிவு நடைமுறைக்கு வந்தது. பி. தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி, 1920ஆம் ஆண்டுத் தீர்மானத்தின்படி ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் மாணவர் ஒருவர்க்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாத செலவில் மதிய உணவு வழங்கி வந்தது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிட அரசு இசையாமையால் 1925 ஏப்ரல் 1 முதல் அது நிறுத்தப்பட்டது.

இவ்விரு முடிவுகளும் ஒன்றையொன்று அறியாமலே நிகழ்ந்தன. எனினும் அவை இருவேறு முறைகேட்டு வரையறைகளைத் தந்தன. திருச்சியில், பந்தியைப் பிரித்தது முறைகேடு. சென்னையில், கல்விக்குரிய பணத்தைச் சோற்றுக்குச் செலவிட்டதே முறைகேடு. முன்னது உணவருந்துவோரின் மதிப்பைப் பற்றியது. பின்னது கணக்குத் தலைப்பைப் பற்றியது. அடுத்த அரை நூற்றாண்டில் ஆட்சி நடைமுறைக்குள் பெரிதும் இடம்பெற்றது இரண்டாவது வரையறையே.

எட்டயபுரம்: கணக்கும் கூச்சமும்

1956இல் மதிய உணவுத் திட்டம் எட்டயபுரத்தில் தொடங்கப்பட்டபோது அவ்வூர் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது. 1986இல் பிரிந்த மாவட்டம் இன்றைய தூத்துக்குடி. தாமிரபரணி நீர் பாயாத கரிசல் பகுதி அது. நெல்வயல் சூழ்ந்த சேரன்மகாதேவியில் விவாதம் உண்ணும் முறையைப் பற்றியதாக அமைந்தது. வானம் பார்த்த கரிசலில் உணவு உண்டா இல்லையா என்பதே முதல் வினாவாயிற்று.

தொடக்கத்தில் இத்திட்டம் ஊராரின் நன்கொடையைச் சார்ந்தது. அரிசியும் காய்கறியும் விறகும் ஊருக்குள் திரட்டப்பட்டன. பின்னர் ஓர் உணவுக்கு 10 பைசா எனக் கணக்கிட்டு, அதில் 6 பைசாவை அரசும் 4 பைசாவை உள்ளூர்ப் பங்களிப்பும் ஏற்கும் முறை அமைந்தது. அன்றைய கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு சுயமரியாதை இயக்கத்தோடு நெருங்கிய தொடர்புடையவர். குருகுலப் பூசலின் கருத்துச் சூழலிலிருந்து வந்த ஒருவரின் நிருவாகத்தில் இத்திட்டம் வளர்ந்தமை கருதத்தக்கது.

ஆயினும் அக்கால விவாதம் வேறு இரு வினாக்களைச் சுற்றியே அமைந்தது. இலவச உணவு பிள்ளைகளை இரந்துண்போர் ஆக்குமா என்பது ஒன்று. வறியர் அல்லாதாரும் உண்டுவிட்டால் என் செய்வது என்பது மற்றொன்று. ஏழை மாணவர்க்கே உணவு என்னும் வரம்பு இரண்டாம் வினாவுக்கு விடையளித்தது. அதே வேளையில் முதல் வினாவைக் கூர்மையாக்கியது. வகுப்பிலிருந்து சிலர் மட்டும் எழுந்து உணவுக்குச் செல்லும்போது, ஏழை என்ற அடையாளம் எல்லார் முன்னும் வெளிப்பட்டது. சாதியால் பிரிந்த பந்தி நீங்கிய இடத்தில் வறுமையால் பிரிந்த பந்தி தோன்றியது. தகுதியற்றோர் உண்பதைத் தடுக்கும் ஏற்பாடு, தகுதியுடையோரைக் கூச வைத்தது.

மூட்டைக் கணக்கின் காலம்

1961 முதல் அமெரிக்கத் தொண்டு நிறுவனமான ‘கேர்’ பால்பொடி, எண்ணெய் முதலிய பொருள்களை வழங்கியது. அயல்நாட்டுப் பொருள் உள்ளே வந்ததும் இருப்புக் கணக்கின் தேவை மிகுந்தது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி. இராமச்சந்திரன் தொடங்கிய சத்துணவுத் திட்டம் ஊரகப் பகுதியில் 2 முதல் 9 வயது வரையிலான குழந்தைகளை உட்படுத்தியது. பின்னர் நகரங்களுக்கும் மேல்வகுப்புகளுக்கும் விரிந்தது. வளர்ச்சிப் பணிக்குரிய நிதி சோற்றில் கரைகிறது, வாக்குக்காகச் சோறு இடப்படுகிறது, அரிசியும் பருப்பும் வழியிலேயே மறைகின்றன என்பன அக்கால விமரிசனங்கள்.

இவற்றுள் மூன்றாவது குற்றச்சாட்டுக்கு அடிப்படை உண்டு. எடைக்குறைவும் தரக்குறைவும் பொய்யான வருகைப் பதிவும் பிள்ளைகளின் வயிற்றிலிருந்தே எடுக்கப்படுபவை. அவற்றைத் தடுக்கத் தணிக்கை இன்றியமையாதது. ஆனால் தணிக்கை அளக்கக்கூடியதை மட்டுமே அளக்கும். இருப்புப் பதிவேட்டில் அரிசியின் எடை உண்டு. உண்டோர் எண்ணிக்கையும் உண்டு. யார் சமைத்ததை யார் உண்ண மறுத்தார், யார் தள்ளி அமர்த்தப்பட்டார் என்பவை அப்பதிவேட்டில் குறைபாடாகத் தோன்றுவதில்லை. உண்ண மறுத்த பிள்ளை, அன்று வராத பிள்ளையைப் போன்றே எண்ணிக்கையில் ஒன்று குறைவதாக மட்டும் காணப்படும்.

2001 நவம்பர் 28 அன்று சமைத்த மதிய உணவை நாடெங்கும் தொடக்கப்பள்ளிகளில் வழங்க ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், 2004 ஏப்ரல் 20 ஆணையில் சமையலர் நியமனத்தில் தலித்துகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர்க்கு முன்னுரிமை தரக் கூறியது. பந்தி பற்றிய பழைய வினா, இம்முறை அடுப்படி வழியே சட்டத்தின் கவனத்துக்கு வந்தது.

மீண்டும் எட்டயபுரம்

2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலத்தின் அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. அடுத்த சில நாள்களில், எட்டயபுரம் அருகேயுள்ள உசிலம்பட்டி ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில், பட்டியல் சாதிப் பெண் சமைத்த காலை உணவைப் பிள்ளைகள் சிலர் உண்ணவில்லை என நாளேடுகள் செய்தி வெளியிட்டன. நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழி அப்பள்ளிக்குச் சென்று பிள்ளைகளுடன் அமர்ந்து உணவருந்தினார்.

இந்நிகழ்வில் எடை குறையவில்லை, பணம் மறையவில்லை, தகுதியற்றோர் எவரும் உண்ணவில்லை. இடைக்காலத்தில் உருவான வரையறைகள் எவற்றின்படியும் இங்கு முறைகேடு இல்லை. 1925ஆம் ஆண்டுத் திருச்சித் தீர்மானத்தின் வரையறையின்படி மட்டுமே அது முறைகேடாகும். குருகுலத்தில் தனியே உண்டவர் இருவர்; உசிலம்பட்டியிலும் மறுத்தவர் சிலரே. பிள்ளைகளுக்குப் பின்னால் பெற்றோரின் விருப்பம் நின்றது என்பதும் இரண்டுக்கும் பொது. வேறுபாடு ஒன்றுண்டு. அன்று நிறுவனமே விலக்கு அளித்தது. இன்று நிறுவனத்தின் சார்பாளர்கள் விலக்கை மறுத்துப் பந்தியில் அமர்ந்தனர். நூற்றாண்டு விவாதத்தின் பயன் இதுவெனலாம்.

முடிவுரை

பள்ளி உணவில் முறைகேடு என்னும் கருத்துக்குத் தமிழக வரலாற்றில் மூன்று பொருள்கள் அமைந்துள்ளன. பந்தியைப் பிரித்தல், தகுதியற்றோர் உண்ணல், பொருள் மறைதல் என அவற்றைச் சுட்டலாம். பின்னிரண்டும் பதிவேட்டுக்கு உட்பட்டமையால் ஆட்சி விவாதத்தில் நிலைபெற்றன. முதலாவது பதிவேட்டுக்கு உட்படாமையால், பூசலாக வெடிக்கும்போது மட்டுமே கண்ணில் படுகிறது. காலத்தால் முற்பட்டதும், பொதுப்பணம் என்பதற்கு ஆழ்ந்த பொருள் தந்ததும் அதுவே. எனவே சேரன்மகாதேவி குருகுலப் பூசலைக் கட்சி வரலாற்றின் கிளைக்கதையாக நிறுத்தாமல், நலத்திட்ட வரலாற்றின் முதல் இயலாகவும் பயிலுதல் தகும். ரயில்வே கேட் சிறுவன் கேட்டதாகச் சொல்லப்படும் வினாவுக்கு அரசு சோறு தந்து விடையளித்தது. அச்சோற்றை எல்லாரும் ஒரே பந்தியில் உண்பரா என்ற வினா, அதே ஊரில் அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே கேட்கப்பட்டுவிட்டது.