த்வாண்டே: ரங்கூனுக்கு அக்கரையில் ஒரு வட்டம்

பர்மாவுக்குப் போய் வந்த நம்மவர்கள் ரங்கூனைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறார்கள். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் த்வாண்டேயை அதிகம் சொல்வதில்லை. அது வழியில் கடந்து போகும் ஊராகவே நின்றுவிட்டது.

அமைவிடம்

ரங்கூன் ஆற்றைப் படகில் கடந்தால் டலா. அங்கிருந்து மேற்கே சுமார் 15 மைல் போனால் த்வாண்டே வரும். ஐராவதி டெல்டாவின் கிழக்கு விளிம்பு இது. எங்கும் வண்டல் வயல்களும் ஓடைகளும்தான். ஊர் மட்டும் சற்றே மேடான பூமியில் இருக்கிறது. சுற்றிலும் தண்ணீர் ஏறும் நாட்டில் இப்படி ஒரு மேடு கிடைத்தால் மனிதர்கள் சீக்கிரமே குடியேறிவிடுவார்கள். 2014 கணக்கெடுப்பின்படி வட்டத்தில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமானோர் இருந்தார்கள். தெற்கே இருப்பது காவ்மு வட்டம். 2012 இடைத்தேர்தலில் ஆங் சான் சூ கி வென்ற தொகுதி அது.

மோன்களின் காலம்

பர்மியர்களுக்கு முன்பு இங்கே கோலோச்சியவர்கள் மோன் இனத்தவர். ஊரின் பெரிய கோயிலான ஷ்வேசன்டோ பகோடா அவர்கள் கட்டியதே. உயரம் சுமார் 250 அடி. 'ஷ்வே' என்றால் பொன், 'சன்டோ' என்றால் புனித முடி. புத்தரின் தலைமுடி உள்ளே வைக்கப்பட்டிருப்பதாக ஐதீகம். ஏரி நடுவே மலைப்பாம்புகள் வாழும் ஒரு கோயிலும் இந்த வட்டத்தில் உண்டு. பக்தர்கள் அவற்றுக்குக் காணிக்கை வைத்து வணங்குகிறார்கள்.

த்வாண்டேயின் உண்மையான புகழ் மண்பாண்டத்தில் இருக்கிறது. குயவர் தெருவின் பெயர் ஓபோ. 'ஓ' பானை, 'போ' சூளை. இப்பகுதியில் நடந்த அகழாய்வுகளில் 15ஆம் நூற்றாண்டையொட்டிய சூளைகள் பல வெளிப்பட்டன. இளம்பச்சை மெருகிட்ட தட்டுகள் அவற்றில் சுடப்பட்டன. அத்தகைய பர்மியக் கலங்கள் அரபுக் கரையின் பழைய ஜுல்ஃபர் துறைமுகத்திலும் கிடைத்திருக்கின்றன. அதாவது, ரங்கூன் பெரிய துறைமுகமாகும் முன்பே த்வாண்டேயின் மண் கடல் தாண்டிப் போய்விட்டது.

கால்வாய்

1852 போரில் கீழ் பர்மா ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1869இல் சூயஸ் திறந்ததும் அரிசி ஏற்றுமதி வேகம் பிடித்தது. ரங்கூனிலிருந்து ஐராவதிக்குப் போக நீராவிப் படகுகளுக்கு நேர்வழி தேவைப்பட்டது. 1881-83இல் த்வாண்டே கால்வாயை வெட்டினார்கள். நீளம் சுமார் 22 மைல். பிற்பாடு அகலப்படுத்தவும் செய்தார்கள். உள்நாட்டு நெல் ரங்கூன் ஆலைகளுக்கு வரும் வழிகளில் இது முக்கியமானதாகியது.

1924இல் எரிக் பிளேர் என்ற இளம் போலீஸ் அதிகாரி இங்கே பணியாற்றினார். ஜார்ஜ் ஆர்வெல் என்று பின்னாளில் உலகம் அறிந்தவர் அவர்தான்.

நம்மவர் பங்கு

டெல்டாவில் காடு திருத்தி வயலாக்கிய பர்மிய விவசாயிக்குக் கடன் கொடுத்தவர்களில் முதன்மையானவர்கள் செட்டிநாட்டு நகரத்தார். த்வாண்டே அன்று அடங்கியிருந்த ஹந்தவாடி மாவட்டமும் அந்த நெல் மாவட்டங்களில் ஒன்று. 1930 வாக்கில் நெல் விலை சரிந்தது, கடன் திரும்பவில்லை, நிலம் கைமாறியது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் வசமிருந்த நிலம் 1930இல் நூற்றுக்கு 6, 1937இல் 25. அவர்கள் விரும்பிச் சேர்த்த நிலமல்ல அது. முதல் முடங்கிப் போனதன் அடையாளம். ஆனால் நிலத்தை இழந்தவன் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். 1942இல் ஜப்பானியர் வந்தபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் வெளியேறினார்கள். சுதந்திரத்துக்குப் பின் நிலம் அரசுடைமையானது. 1964 தேசியமயம் மீதிப்பேரில் பலரைக் கப்பலேற்றியது.

இன்று

2008 மே 2, 3 தேதிகளில் அடித்த நர்கீஸ் புயல் டெல்டாவில் 1,30,000க்கும் மேற்பட்டோரைப் பலி கொண்டது. த்வாண்டேயும் அடி வாங்கிய வட்டங்களில் ஒன்று. படகலைகளும் நீரோட்டமும் கால்வாயின் கரையை அரிப்பது நெடுநாள் தொல்லை. பிளாஸ்டிக் குடங்களும் தொட்டிகளும் வந்தபின் பானைக்குக் கிராக்கி குறைந்துவிட்டது. என்றாலும் சூளைகள் அடியோடு அணைந்துவிடவில்லை.

நெல், பானை, கால்வாய் ஆகிய மூன்றுக்கும் ஆதாரம் ஆறு கொண்டுவந்து போட்ட மண். நம் ஊர்க் குடும்பங்கள் சில வாழ்ந்ததும் நொடித்ததும் அதே டெல்டா மண்ணில்தான். பர்மாவில் நம்மவர் வாழ்ந்த கதையை எழுதப் புகுபவர்கள் ரங்கூனோடு நின்றுவிடாமல், ஆற்றைக் கடந்து இந்தப் பக்கமும் பார்க்க வேண்டும்.